எல்வி, எம்வி மின் துறையில் வேலை: இஇஇ முடித்தவர் எங்கே தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். இஇஇ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்) முடித்து ஒரு வருடம் ஆகிறது, கோயம்புத்தூரில் மின் விநியோகப் பெட்டிகள் செய்யும் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் வேலை வந்திருக்கிறது, சம்பளம் குறைவு. வீட்டில் ஐடி கோர்ஸ் போகச் சொல்கிறார்கள், நண்பர்கள் மின்வாரியத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். லோ வோல்டேஜ் (எல்வி), மீடியம் வோல்டேஜ் (எம்வி) துறையில் போனால் நிலைக்க முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலைக்க முடியும், அந்த வேலையில் சேருங்கள். ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்குள் டெஸ்டிங் அண்ட் கமிஷனிங், அதாவது கருவிகளைச் சோதித்து ஓட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை, அந்தப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். இந்தத் துறையில் பிற்பாடு டிசைன், ப்ரொடெக்‌ஷன், கன்சல்டிங், காண்ட்ராக்ட், வெளிநாடு என்று எந்தப் பக்கம் போனாலும் அடித்தளம் அங்கேதான் விழுகிறது. நான் சைட்டில் டெஸ்டிங் வேலையில் தொடங்கி இப்போது ப்ரொடெக்‌ஷன் ஸ்டடி (கோளாறு வந்தால் எந்த பிரேக்கர் எப்போது துண்டிக்க வேண்டும் என்ற கணக்கு) பார்க்கிறவன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம் இருக்கும், அதையும் மனதில் வைத்தே படியுங்கள்.

துறை எவ்வளவு பெரியது என்று பலருக்கும் தெரிவதில்லை, கல்லூரியில் 400 கேவி (கிலோவோல்ட்) லைனும் ஜெனரேட்டரும்தான் அதிகம் சொல்லித் தருகிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்வாரியத்தின் 110/22 கேவி துணை மின்நிலையத்திலிருந்து 22 கேவி ஃபீடர் ஒன்று மில்லுக்கு வருகிறது (சென்னையாக இருந்தால் 11 அல்லது 33 கேவி). கேட்டுக்குப் பக்கத்தில் ஏபி (ஏர் பிரேக்) ஸ்விட்ச், மீட்டருக்காகக் கரன்ட்டையும் வோல்டேஜையும் குறைத்துத் தரும் சிடி-பிடி செட், அதைத் தாண்டி விசிபி (வேக்குவம் சர்க்யூட் பிரேக்கர்), அங்கிருந்து கேபிளில் டிரான்ஸ்ஃபார்மர். 433 வோல்ட்டாக இறங்கி பஸ் டக்ட் வழியாக ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர்), மெயின் பேனல், கெபாசிட்டர் பேனல், டிபார்ட்மென்ட் வாரியாக டிஸ்ட்ரிபியூஷன் பேனல், கடைசியில் ஸ்பின்னிங் ஃப்ரேமின் டிரைவும் மோட்டாரும். ஒரு பக்கம் டிஜி (டீசல் ஜெனரேட்டர்) செட், கூரையில் சோலார். இதில் ஒவ்வொரு பெட்டியையும் ஒருவர் டிசைன் செய்திருக்கிறார், ஒருவர் தயாரித்திருக்கிறார், ஒருவர் சோதித்து சார்ஜ் செய்திருக்கிறார் (அதாவது முதல்முறை மின்சாரம் கொடுத்திருக்கிறார்), எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறார், அப்புறம் வருடக்கணக்காக ஒருவர் பராமரிக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு விசிபி டிரிப் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று மில்லில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பெயர் இருக்கும். மில்லுக்குப் பதில் ஆஸ்பத்திரி, ஐடி பார்க், சிமென்ட் ஆலை, மெட்ரோ ரயில் என்று எதைப் போட்டாலும் இதே சங்கிலிதான். சென்னை மெட்ரோவில் ஸ்டேஷன்களுக்கு ஓடுவது 33 கேவி வலையம், சிமென்ட் ஆலையிலும் அனல் மின்நிலையத்திலும் பெரிய மோட்டார்கள் 6.6 கேவியில் ஓடும்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் உதவும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வழக்கத்தில் 1000 வோல்ட் ஏசி வரை லோ வோல்டேஜ், அதற்கு மேல் 36 கேவி சுற்றுவட்டம் வரை மீடியம் வோல்டேஜ். ஆனால் 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 650 வோல்ட் வரை மீடியம், அதற்கு மேல் 33 கேவி வரை ஹை வோல்டேஜ் என்று இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் அரசு டெண்டர்களில் 415 வோல்ட் பேனலை எம்வி பேனல் என்றே எழுதுவார்கள், நம் ஊரில் எல்டி (லோ டென்ஷன்), ஹெச்டி (ஹை டென்ஷன்) என்று பேசுவதும் அதன் தொடர்ச்சிதான். யாராவது எம்வி அனுபவம் உண்டா என்று கேட்டால், எத்தனை கேவி என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். உங்களுக்குக் கிடைத்திருக்கும் பேனல் போர்டு கம்பெனியை லேசாக நினைக்க வேண்டாம். சிங்கிள் லைன் டயக்ராம் எப்படி ஜெனரல் அரேஞ்ச்மென்ட் டிராயிங்காகவும் கன்ட்ரோல் வயரிங் டிராயிங்காகவும் மாறுகிறது, பஸ்பார் சைஸ் எப்படித் தீர்மானிக்கிறார்கள், ஏசிபியின் டிரிப் யூனிட் செட்டிங், இன்டர்லாக் லாஜிக், ஃபார்ம் 3, ஃபார்ம் 4 என்று பிரிக்கிற தடுப்புகள், இதெல்லாம் தினமும் கையில் வரும். ஐஇசி 61439 தரத்தை வரிக்கு வரி படிக்க வேறெங்கும் இவ்வளவு காரணம் கிடைக்காது. சின்னக் கம்பெனியில் இன்னொரு லாபமும் உண்டு, டிசைன், பர்ச்சேஸ், டெஸ்டிங், சைட் எல்லாவற்றுக்கும் ஒரே ஆளை அனுப்புவார்கள். பெரிய கம்பெனியில் நாலு வருடம் பில் ஆஃப் மெட்டீரியல் மட்டுமே போட்டுக்கொண்டிருந்த பொறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆபத்து ஒன்றுதான்: பேனல் கடையோடு நின்றுவிட்டால் 415 வோல்ட்டுக்கு மேல் உங்களுக்கு எதுவும் தெரியாமல் போய்விடும், பேனல் வெளியே போனபிறகு என்ன ஆகிறது என்பதும் தெரியாது.

அதனால்தான் டெஸ்டிங் அண்ட் கமிஷனிங் என்கிறேன். அது என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு 11 கேவி சப்ஸ்டேஷன் கட்டி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு மெக்கர் (இன்சுலேஷன் சோதனை), டர்ன்ஸ் ரேஷியோ, வெக்டர் குரூப், வைண்டிங் ரெசிஸ்டன்ஸ், எண்ணெய்க்கு பிடிவி (எவ்வளவு வோல்டேஜ் தாங்குகிறது என்ற சோதனை), புக்கோல்ஸ் ரிலே மிதவை வேலை செய்கிறதா என்பது. விசிபிக்கு கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ், திறந்து மூடும் நேரம். சிடிக்கு ரேஷியோ, போலாரிட்டி, நீ பாயின்ட் (சிடியின் இரும்பு நிறைவடையத் தொடங்கும் வோல்டேஜ்). கேபிளுக்கு ஹை வோல்டேஜ் டெஸ்ட். ரிலேவுக்கு (கோளாறைக் கண்டு பிரேக்கருக்கு டிரிப் கட்டளை தரும் கருவிக்கு) செகண்டரி இன்ஜெக்‌ஷன்: கிட்டிலிருந்து கரன்ட் செலுத்தி, செட்டிங்கில் சொன்ன நேரத்தில் டிரிப் கொடுக்கிறதா, அந்த டிரிப் 86 ரிலே (லாக்கவுட் ரிலே) வழியாக பிரேக்கரின் டிரிப் காயில் வரை போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. அப்புறம் டிசி சப்ளை இல்லாவிட்டால் அலாரம் வருகிறதா, இன்டர்லாக் எல்லாம் பிடிக்கிறதா என்று திட்டத்தில் எழுதியிருக்கும் ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் என்ன கற்கிறோம் என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். டிரான்ஸ்ஃபார்மருக்கு சார்ஜ் கொடுக்கிறீர்கள், டிரிப் ஆகாமல் நிற்கிறது, எல்லாரும் கை கொடுத்துக்கொள்கிறார்கள். லோடு ஏற ஏற, ஒரு கட்டத்தில் டிஃபரன்ஷியல் ரிலே (இரண்டு பக்கத்துக் கரன்ட்டையும் ஒப்பிடும் ரிலே) டிரிப் அடிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் கோளாறு இல்லை. ஒரு பக்கத்து சிடியின் போலாரிட்டி தலைகீழாக இருந்திருக்கும், அல்லது ரிலேவில் வெக்டர் குரூப் திருத்தம் தப்பாகப் போட்டிருப்பார்கள். லோடு இல்லாதபோது இரண்டு பக்கமும் கரன்ட் இல்லை, அதனால் தப்பு தெரியவில்லை. இதுவே சார்ஜ் கொடுத்த அந்த நொடியிலேயே டிரிப் ஆகி, இரண்டாம் முறை டிரிப் ஆகாமல் நின்றால், அது இன்ரஷ் கரன்ட்டாக (சார்ஜ் கொடுக்கும் நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் பெரிய கரன்ட்டாக) இருக்கலாம், செகண்ட் ஹார்மோனிக் பிளாக்கிங் செட்டிங்கைப் பார்க்க வேண்டும். ஆனால் பார்க்காமல் இரண்டாம் முறை சார்ஜ் கொடுக்கக் கூடாது, முதலில் ரிலேவின் ஃபால்ட் ரெக்கார்டை இறக்கி அலைவடிவத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். புத்தகத்தில் டிஃபரன்ஷியல் ப்ரொடெக்‌ஷன் பாடம் மூன்று பக்கம் இருக்கும், எல்லாரும் படித்திருப்போம். சைட்டில் இப்படி ஒன்றைத் தீர்த்தவருக்கு அந்த மூன்று பக்கமும் ஆயுளுக்கும் மறக்காது. மைகாம், சிப்ரோடெக், ரெஃப் 615 என்று எந்த ரிலே வந்தாலும் மெனு வேறே தவிர உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான் என்பதும் அங்கேதான் புரியும்.

இந்த வேலை எங்கே கிடைக்கும்? டெஸ்டிங் ஏஜென்சிகள் சென்னையிலும் கோவையிலும் ஓசூரிலும் நிறைய உண்டு, பெரும்பாலும் பத்து இருபது பேர் இருக்கும் சின்ன நிறுவனங்கள், விளம்பரம் வராது. பேனல் கம்பெனியிலிருந்து சைட்டுக்குப் போகும்போது அங்கே கிட் வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் பேசுங்கள், அப்படித்தான் பாதிப் பேர் இந்தப் பக்கம் வருகிறார்கள். பெரிய நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவும் உண்டு: சீமென்ஸ், ஏபிபி, ஷ்னைடர் (எல் அண்ட் டியின் ஸ்விட்ச்கியர் தொழிலை 2020இல் வாங்கியவர்கள்), ஹிட்டாச்சி எனர்ஜி. சென்னைக்கு இதில் பழைய வேரே இருக்கிறது, பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் காலத்திலிருந்து ரிலே தயாராகிறது, கை மாறி மாறி இப்போது ஜிஇ வெர்னோவா. மணப்பாக்கத்தில் எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவின் தலைமையகம். இவை எல்லாவற்றிலும் அனுபவத்தோடு நுழைவது, கேம்பஸ் விட்டுப்போனவர்களுக்கு நிஜமான வழி.

டிசைன் வேலை பற்றி என் கருத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். ஈடாப் (மின் அமைப்புக் கணக்குகளைப் போடும் சாஃப்ட்வேர்) ஒரு மாதக் கோர்ஸ், சர்டிஃபிகேட் உண்டு, வேலை உறுதி என்று பணம் வாங்குகிறார்கள். ஈடாப் அருமையான கருவிதான், நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் கையால் கணக்குப் போட முடியாதவருக்கு அது சொல்லும் விடை சரியா தப்பா என்று தெரியாது, தப்பான இம்பீடன்ஸ் கொடுத்தால் அதுவும் அழகான ரிப்போர்ட் கொடுத்துவிடும். முதலில் இதைக் காகிதத்தில் போடுங்கள்: 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், செகண்டரி 433 வோல்ட், இம்பீடன்ஸ் 5 சதவீதம். முழு லோடு கரன்ட் சுமார் 1333 ஆம்பியர். அதை 0.05ஆல் வகுத்தால் சுமார் 26.7 கிலோ ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மர் முனையில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அதிகபட்சம் இவ்வளவு ஓடும். மின்வாரியப் பக்கத்து இம்பீடன்ஸைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், ஓடும் மோட்டார்கள் திருப்பித் தருவதைச் சேர்த்தால் கொஞ்சம் ஏறும். இப்போது அந்த மெயின் பேனலில் விலை குறைவு என்று 16 கிலோ ஆம்பியர் வரை மட்டுமே துண்டிக்கக்கூடிய எம்சிசிபி (ஒரு வகை பிரேக்கர்) போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கோளாறு வரும் நாளில் அது அணைக்காது, வெடிக்கும். அதே எம்சிசிபியை நூறு மீட்டர் கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சப் பேனலில் போட்டால் சரியாக இருக்கலாம், ஏனென்றால் கேபிளின் இம்பீடன்ஸ் ஃபால்ட் லெவலை இறக்கிவிடும். அங்கேயே இன்னொரு கேள்வி பிறக்கும், கேபிள் ரொம்ப நீளமாகி ஃபால்ட் கரன்ட் ரொம்பக் குறைந்துவிட்டால் பிரேக்கர் நேரத்துக்கு டிரிப் ஆகுமா? எல்வி டிசைனில் பாதிப் பொழுது இந்த இரண்டு முனைக்கும் நடுவில்தான் போகிறது.

ரிலே கோஆர்டினேஷனும் அப்படித்தான். ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவில் செட்டிங்கைப் போல பத்து மடங்கு கரன்ட் வந்தால், டைம் மல்டிப்ளையர் 1 என்றால் சுமார் 3 நொடி, 0.1 என்றால் 0.3 நொடி. கீழே இருப்பது முதலில் டிரிப் ஆக வேண்டும், மேலே இருப்பது சுமார் 0.3 நொடி காத்திருக்க வேண்டும். துணை மின்நிலையத்தில் இருக்கும் மின்வாரிய ஃபீடர் ரிலேவோ அதிக நேரம் தராது. ஆலைக்குள் மூன்று நிலை பிரேக்கர் இருந்தால் இந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் எப்படி அடுக்குவது? இந்த ஒரு கேள்வியைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு கோவையில் மட்டும் இல்லை, எங்கேயும் வேலை உண்டு. சிடியில் 5பி20 என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம், மீட்டரிங் சிடியை ஏன் ப்ரொடெக்‌ஷனுக்குப் போடக்கூடாது, டிஜியின் நியூட்ரலை எங்கே எர்த் செய்ய வேண்டும், பவர் ஃபேக்டர் 0.9க்குக் கீழே போனால் ஹெச்டி பில்லில் என்ன வரும், ஹார்மோனிக்ஸ் அதிகம் இருக்கும் இடத்தில் கெபாசிட்டருக்கு ஏன் ரியாக்டர் சேர்க்கிறோம், இவற்றுக்கெல்லாம் வாய்விட்டு விளக்கம் சொல்ல முடிகிற அளவுக்குப் படியுங்கள். இன்டர்வியூ எடுக்கும்போது நான் கேட்பதும் இவைதான், சாஃப்ட்வேர் பட்டியலை நான் பார்ப்பதே கடைசியில்தான். எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, வயரிங்குக்கு ஐஎஸ் 732, இந்த இரண்டையும் நேரடியாகப் படியுங்கள், கைடு வேண்டாம்.

லைசென்ஸ் விஷயத்தை நிறையப் பேர் தள்ளிப்போட்டுப் பிறகு வருந்துகிறார்கள். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் சூப்பர்வைசருக்கு சி சான்றிதழ், வயர்மேனுக்கு பி சான்றிதழ் என்று தருகிறது. பட்டம் அல்லது டிப்ளமோவோடு அனுபவச் சான்று கொடுத்து சி வாங்கிவிடலாம். ஹெச்டி வேலை எடுக்கும் இஏ கிரேடு காண்ட்ராக்டர், அதற்கும் மேல் இஎஸ்ஏ காண்ட்ராக்டர் யாராக இருந்தாலும், தகுதியுள்ள ஆட்களைத் தங்கள் பட்டியலில் காட்டித்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும், அதனால் சி வைத்திருப்பவருக்குத் தனி மதிப்பு. பத்துப் பதினைந்து வருடம் கழித்துச் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க நினைத்தாலும் இதுதான் முதல் படி. கிண்டியில் இருக்கும் தலைமை மின் ஆய்வாளர் அலுவலக நடைமுறை, டிராயிங் அப்ரூவல், இன்ஸ்பெக்‌ஷன் குறிப்புகளுக்குப் பதில் எழுதுவது, சேஃப்டி சர்டிஃபிகேட் வாங்குவது, இவை தெரிந்த இளம் பொறியாளர்கள் குறைவு, இது தெரிந்தால் எந்தக் காண்ட்ராக்டரும் உங்களை விடமாட்டார். மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் வருடப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள், இன்ஸ்பெக்டர் எழுதும் ஒவ்வொரு குறிப்புக்கும் மூலம் அதில் இருக்கும்.

மின்வாரியம் பற்றி. தேர்வு எழுத வேண்டாம் என்று சொல்லமாட்டேன், டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பப் பணித் தேர்வு எழுதுங்கள், கேட் நுழைவுத் தேர்வும் எழுதுங்கள். உதவிப் பொறியாளராக ஒரு செக்‌ஷன் ஆபீஸில் உட்கார்ந்தால் 22 கேவி ஃபீடரும் டிரான்ஸ்ஃபார்மரும் பொதுமக்களும் ஒன்றாக வந்து சேரும், நிஜமான விநியோகப் பொறியியல் அதுதான், மழைக்காலத்தில் அந்த வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வேலைக்குப் போகாமல் வருடக்கணக்கில் அறிவிப்புக்காகக் காத்திருப்பதை நான் எந்த விதத்திலும் ஆதரிக்கமாட்டேன். அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, பொறியாளராக நீங்கள் வளரும் முதல் மூன்று வருடம் உங்கள் கையில் இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே படித்துத் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தத் துறை எங்கே வளர்கிறது என்றால், முதலில் சோலார், காற்றாலை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் ஆலை போன்றவற்றை எல்லாரும் பேனல் கடலாகத்தான் பார்க்கிறார்கள், ஆனால் உள்ளே இன்வர்ட்டர் கொடுக்கும் சில நூறு வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து உயர்த்தி, கேபிளில் சேர்த்து, பூலிங் சப்ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது முழுக்க முழுக்க நம் எல்வி, எம்வி வேலை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைக்குள்ளே 690 வோல்ட், வெளியே வந்தால் 11, 22, 33 கேவி. இரண்டாவது டேட்டா சென்டர், சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அங்கே ஒரு நொடி கரன்ட் போனாலும் கணக்குக் கேட்பார்கள் என்பதால் எல்லாவற்றையும் இரட்டையாகப் போடுவார்கள், கமிஷனிங் மாதக்கணக்கில் நடக்கும், நன்றாகச் சம்பளம் தருகிற இடமும் அதுதான். மூன்றாவதாக மின்வாகனச் சார்ஜிங், இன்னும் சின்னதுதான், ஆனால் பஸ் டிப்போக்கள் மின்மயமாகும்போது ஒவ்வொரு டிப்போவும் ஒரு ஹெச்டி சர்வீஸ். இவை தவிர ஐஇசி 61850 தெரிந்தவர்களுக்கு, அதாவது ரிலேக்கள் ஈதர்நெட்டில் ஒன்றோடொன்று பேசும் சப்ஸ்டேஷன் ஆட்டோமேஷன் தெரிந்தவர்களுக்கு, தட்டுப்பாடு இருந்துகொண்டே இருக்கிறது. ஐடி பக்கம் மனம் இழுக்கிறது என்றால் இந்த மூலையைப் பாருங்கள், நெட்வொர்க்கும் பவரும் சேர்ந்தே வேண்டும்.

கேபிள் ஜாயின்டிங் என்பதை இஇஇ படித்தவர்கள் கண்டுகொள்வதில்லை, ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 11 கேவி, 33 கேவி எக்ஸ்எல்பிஇ கேபிள் முனை தீய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், செமிகண்டக்டிங் அடுக்கை உரிக்கும்போது இன்சுலேஷனில் கத்தி பட்டது அல்லது கையில் இருந்த அழுக்கு. நல்ல ஜாயின்டரை நான்கு ஊரிலிருந்து கூப்பிடுவார்கள். ஐடிஐ, டிப்ளமோ படித்த தம்பிகளுக்கு இது மிக நல்ல தொழில், பொறியாளராகப் போகிற நீங்களும் ஒருநாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

வெளிநாடு என்றால் நமக்கு முதலில் வளைகுடா. அங்கே சைட் அனுபவத்துக்குத்தான் விலை. சவுதியில் 13.8 கேவி, 60 ஹெர்ட்ஸ், துபாயில் 11 கேவி, 50 ஹெர்ட்ஸ் என்று அமைப்பு மாறும், மின்சார நிறுவனத்தின் ஒப்புதல் தேர்வுகளும் இருக்கும், சவுதியில் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். ரிலே டெஸ்டிங் தெரிந்தவர், கமிஷனிங் தெரிந்தவர் என்ற பெயரோடு போனால் போகும்போதே நல்ல நிலையில் போகலாம், வெறும் டிகிரியோடு போனால் சூப்பர்வைசர் என்ற பெயரில் என்ன வேலை வேண்டுமானாலும் தருவார்கள். சிங்கப்பூரில் எலக்ட்ரிஷியன், டெக்னீஷியன், இன்ஜினியர் என்று மூன்று நிலையில் லைசென்ஸ் உண்டு, 6.6, 22 கேவி இன்ஸ்டலேஷன்களுக்கு இன்ஜினியர் நிலை லைசென்ஸ் வைத்திருப்பவரே பொறுப்பு. அங்கே படிப்படியாக ஏறி அந்த இடத்துக்கு வந்த நம்மவர்கள் இருக்கிறார்கள். எங்கே போவதாக இருந்தாலும் நீங்கள் செய்த ஒவ்வொரு டெஸ்ட்டின் விவரத்தையும் இன்றிலிருந்தே நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன கருவி, என்ன ரேட்டிங், என்ன கண்டுபிடித்தோம். ஐந்து வருடம் கழித்து ரெஸ்யூமே எழுதும்போது நினைவு கை கொடுக்காது.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா என்று என்னிடம் தனியாகக் கேட்கிறார்கள், இங்கேயே சொல்கிறேன். தாராளமாக வரலாம். டெஸ்டிங் கிட்டுக்கும் ரிலேவுக்கும் ஆள் யார் என்று தெரியாது. சைட்டில் கழிப்பறை, தங்குமிடம், ராத்திரி ஷட் டவுனுக்குப் போக்குவரத்து ஆகியவற்றைக் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும், வேலைக்குச் சேரும் முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது உரிமை, தயங்க வேண்டாம்.

இப்போது மிக முக்கியமானது. இந்த வேலை ஆளைக் கொல்லும். எல்டிதானே என்று அலட்சியம் காட்டும் இடத்தில்தான் அதிகம் நடக்கிறது. 433 வோல்ட் பேனலில், நாம் மேலே கணக்குப் போட்ட அந்த 26 கிலோ ஆம்பியர் இருக்கும் இடத்தில், ஒரு ஸ்பானர் பஸ்பாருக்குக் குறுக்கே விழுந்தால் வரும் ஆர்க், தொடாமலே ஆளை எரித்துவிடும். லைன் கிளியர் (லைனில் சப்ளை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்கிவிட்டோம் என்று ஏறியவருக்கு, கீழே யாரோ சேஞ்ச் ஓவர் சரியில்லாமல் ஓட்டிய டிஜியிலிருந்து திருப்பி வந்த சப்ளை பட்டு உயிர் போயிருக்கிறது. ஓடும் சிடியின் செகண்டரியைத் திறந்துவிட்டால் அங்கே ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் எழும். அதனால் வரிசை எப்போதும் ஒன்றே: ஐசோலேட் செய், பூட்டு, சாவியை உன் பையில் வை, டெஸ்டரை முதலில் சப்ளை உள்ள இடத்தில் சோதித்துவிட்டு மூன்று ஃபேஸிலும் சப்ளை இல்லை என்று நீயே பார், எர்த் போடு, அதற்கப்புறம்தான் கை. எவ்வளவு பெரிய மேலாளர் அவசரப்படுத்தினாலும், புரொடக்‌ஷன் நிற்கிறது என்று யார் கத்தினாலும், இந்த வரிசையில் ஒன்றைக்கூட விடாதீர்கள். எர்த் போடாமல் கை வைக்கச் சொல்லும் கம்பெனியில் ஒரு மாதம்கூட இருக்க வேண்டாம், அன்றே வெளியே வந்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம் பற்றி ஒளிக்காமல் சொன்னால், முதல் இரண்டு வருடம் ஐடியில் சேர்ந்த நண்பனைப் பார்த்து மனம் வாடும், அதுவும் வீட்டில் கடன் இருந்தால் இது லேசான விஷயம் இல்லை. கல்விக்கடன் தவணை கழுத்தை நெரிக்கிறது, உடனே பணம் வேண்டும் என்றால் ஐடி பக்கம் போவதில் எந்தத் தப்பும் இல்லை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வருடம் தாங்க முடியும் என்றால், ரிலேவும் கமிஷனிங்கும் கைவந்த பிறகு சம்பளம் ஏறும் வேகம் வேறு, ஐந்தாறு வருட அனுபவம் உள்ள நல்ல டெஸ்டிங் இன்ஜினியருக்கு ஆள் தேடி ஏஜென்சிகள் அலைவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். அனுபவம் கூடக் கூட மதிப்பும் கூடுகிற தொழில் இது. ஐம்பது வயதில் ஒருவர் கன்சல்டன்ட்டாக நிற்கலாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் ஆஃபருக்கு வருகிறேன். சேரும் முன் அவர்களிடம் சில விஷயம் கேளுங்கள். சொந்தமாக டெஸ்ட் பெஞ்ச் இருக்கிறதா, ரிலே கிட் இருக்கிறதா இல்லை வெளியிலிருந்து ஆள் வருகிறாரா, 11, 22 கேவி விசிபி பேனல் செய்கிறார்களா இல்லை எல்டி மட்டுமா, கஸ்டமர் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் சைட்டுக்கும் உங்களை அனுப்புவார்களா. எல்டி மட்டும்தான் என்றாலும் பரவாயில்லை, சேரலாம், ஒரு வருடத்தில் முடிவெடுங்கள். பாண்ட் கேட்டால், அதாவது இரண்டு மூன்று வருடம் விலகமாட்டேன் என்று எழுதி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடு என்றால், கொடுக்காதீர்கள், அந்த இடமே வேண்டாம். நியமனக் கடிதத்தில் உங்கள் பணி மின்சாரம் சார்ந்த இன்ஜினியர் வேலை என்று தெளிவாக இருக்கட்டும், சம்பளம் பேங்க் வழியாக வரட்டும், விலகும்போது அனுபவச் சான்று லைசென்ஸ் வைத்திருக்கும் காண்ட்ராக்டரின் லெட்டர்ஹெட்டில் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். சி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.